எடிட்டிங் கம்ப்யூட்டரும் ஷேடு பாக்கற கண்ணும்

நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு ரீல்ஸ், புராடக்ட் வீடியோ எடிட் பண்றவங்க கம்ப்யூட்டர் வாங்கப் போனா, கொட்டேஷன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. பெரிய கிராபிக்ஸ் கார்டு, கலர் கலரா எரியற ஃபேன், கடைசி வரியில் மிச்சக் காசுக்கு ஒரு மானிட்டர். இது கேம் விளையாடறவங்க கணக்கு.

துணியில் ஷேடு பார்ப்பதில் இந்த ஊர் எவ்வளவு கறார்! சாம்பிளை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் அப்ரூவல். அதே டி65தான் எஸ்ஆர்ஜிபி திரைக்கும் வெள்ளையின் அளவுகோல். ஆனா திரை வாங்கறப்ப மட்டும் 'பளிச்சுனு இருக்கா'ங்கறதோட சோதனை முடிஞ்சுடுது.

விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருக்கும். எஸ்ஆர்ஜிபி அளவுக்கு 72% வேணும். அந்த மங்கல் திரையில் மெரூன் டி-ஷர்ட் சோகையா தெரியுதேன்னு சிவப்பை ஏத்தினா, வாங்கறவர் போனில் அது வேற துணி. பார்சல் திரும்பி வரும், நஷ்டம் கம்பெனிக்கு.

அதனால என் கணக்கில் முதல் செலவு 100% எஸ்ஆர்ஜிபி காட்டும் ஐபிஎஸ் மானிட்டர். கூடவே கேலிபரேட்டர் கருவி ஒண்ணு. நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் போதும்.

அடுத்தது பிராசசர். கேமரா 10 பிட் 4:2:2 எச்.265 ஃபைல் தந்தா, இன்டெல் 11-வது தலைமுறை முதல் அதன் உள் கிராபிக்ஸே சுலபமா ஓட்டும். என்விடியாவில் அந்த வசதி 2025-ல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடதான் வந்தது. பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் சிப்பில் உள் கிராபிக்ஸே கிடையாது. விலை கொஞ்சம் குறைவுன்னு கொட்டேஷனில் அதைத்தான் போடுவாங்க.