கூட யார் போவது?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. திருச்சுழியில் அக்கா வீட்டில் இருந்தேன். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பிளஸ் ஒன் படிக்கிற அக்கா மகள், தண்ணீர்க் குடத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்துக் கோல்ஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் அந்த விளையாட்டில் ஒரு விதிகூடத் தெரியாது. பந்து குழிக்குள் விழ வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் என்ற பெங்களூர்ப் பெண் பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று முதல் நாளே செய்தி வந்திருந்தது.

“பையத் தூக்கிட்டுக் கூடவே நடக்குறாங்களே, அவங்க யாரு சித்தி?”

தேடிப் பார்த்துச் சொன்னேன். “அவளோட அம்மா. அப்படிப் பை தூக்குறவங்களுக்கு கேடின்னு பேரு.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். “பெத்தவளப் போயி கேடிங்குறானுக.” கொஞ்ச நேரம் சுளகின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “கூட அம்மா போயிருக்கா.”

அந்த வார்த்தை ஏன் அவ்வளவு கனமாக விழுந்தது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். 2019இல் அக்கா மகள் ஒன்பதாவது படித்தாள். குறுவட்டப் போட்டியில் குண்டு எறிதலில் முதலாவதாக வந்தாள். அடுத்தது மாவட்டப் போட்டி. அருப்புக்கோட்டையில் பஸ் மாறி விருதுநகர் போக வேண்டும், இரண்டு நாள். பள்ளியில் இருந்த பி.டி. வாத்தியார் ஆண். கூட வர ஆசிரியை யாரும் இல்லை. அக்கா வீட்டுக்காரர் ‘போகக் கூடாது’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “கூட யாரு போறது?” என்று மட்டும்தான் கேட்டார். அக்காவுக்கு மாடும் மாமியாரும் இருந்தார்கள். என்னைக் கேட்டார்கள். எங்கள் கல்லூரிக்கு நாக் குழு வருகிற வாரம் அது, விடுப்பு கிடையாது என்றேன். சண்டை போட்டிருந்தால் ஒரு நாளாவது கிடைத்திருக்கும். நான் போடவில்லை. அவள் போகவில்லை.

அதிதி அசோக்கின் விளையாட்டு வாழ்வைப் பற்றி எழுத உட்காரும்போது அந்தக் கேள்வியை வைத்தே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர் அதிதி. சில வாரங்களுக்கு முன் கொரோனா வந்து போயிருந்தது, தூரமாக அடிக்கும் வலு குறைந்திருந்தது. அவரைவிட நெடுந்தூரம் அடிக்கிறவர்களோடு மோதி, குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டும் நுட்பத்தாலேயே நான்கு நாளும் ஈடுகொடுத்தார். நான்கு சுற்றுகளில் 67, 66, 68, 68. மொத்தம் 269 அடி. வெண்கலம் பெற்ற நியூசிலாந்தின் லிடியா கோவுக்கு 268. நான்கு நாளில் ஒரே ஓர் அடி கூடிப்போய் நான்காவது இடம்.

மத்தியானத்துக்குள் வாட்ஸப்பில் படங்கள் வந்து குவிந்தன. ‘தாயின் தியாகம்’ என்று ஒன்று. ‘மகளின் கனவைச் சுமந்த தாய்’ என்று இன்னொன்று. இந்தப் பாராட்டு மொழியோடுதான் எனக்கு வழக்கு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதிதிக்குப் பை தூக்கியவர் அவருடைய அப்பா. அதை யாரும் தியாகம் என்று எழுதி நான் பார்க்கவில்லை. அப்பா செய்தால் வழிகாட்டுதல், அம்மா செய்தால் தியாகம். தியாகம் என்று பேர் வைத்துவிட்டால் அதற்குக் கூலி இல்லை, நேரக் கணக்கு இல்லை, அதில் என்ன திறமை இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதும் இல்லை. நம் வீட்டு அடுப்படிக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கிறது.

கேடியின் வேலை என்ன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பதினான்கு மட்டைகள் வரை உள்ள பையைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுக் குழிகளுக்கும் நடக்க வேண்டும். மைதானமே நூறு ஏக்கருக்கு மேல் இருக்கும். காற்று எந்தப் பக்கம், குழி எவ்வளவு தூரம், தரை எங்கே சரிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக ஆடும் போட்டியில், ஆட்டக்காரர் யோசனை கேட்க விதி அனுமதிக்கும் ஒரே ஆள் கேடிதான். வேறு யாரிடம் கேட்டாலும் தண்டனை. கேடி தவறு செய்தால் அந்தத் தண்டனையும் ஆட்டக்காரர் கணக்கில்தான் ஏறும். தொழில்முறைப் போட்டிகளில் கேடிக்கு வாரச் சம்பளம் உண்டு. ஆட்டக்காரர் வென்றால் பரிசுத் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொடுப்பது வழக்கம். கூடப் போவது அங்கே பேரும் விதியும் கூலியும் உள்ள வேலை. நம் ஊரில் அது ஒரு கேள்வி மட்டும்தான். அந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பெண் வீட்டிலேயே இருப்பாள்.

அதிதிக்குக் கூடப் போக ஆள் எப்படிக் கிடைத்தது? அவர் 1998இல் பிறந்தவர். ஐந்தாறு வயதில் பெங்களூரில், கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த ஆட்டம் அவர் கண்ணில் பட்டது. பெற்றோருக்கும் அதுவரை கோல்ஃப் தெரியாது. மூவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். 2016இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதே ஆண்டு இந்திய ஓபனை வென்று, ஐரோப்பிய மகளிர் சுற்றில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். மறு ஆண்டு அமெரிக்கச் சுற்றில் கால் வைத்தார். வாராவாரம் வேறு ஊர், வேறு நாடு. இந்த ஓட்டத்தில் அப்பாவோ அம்மாவோ கூடவே இருந்திருக்கிறார்கள். இதில் அன்பு இருக்கிறது, சந்தேகமில்லை. பணமும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்படக்கூடிய நிலை இருந்திருக்கிறது. சாதனைக் கட்டுரைகள் முதலாவதை மட்டும் எழுதுகின்றன.

ஒலிம்பிக் கோல்ஃபில் அம்மாவும் மகளும் ஒன்றாகக் களத்தில் நின்றது டோக்கியோவில் முதல் தடவை அல்ல. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கின்போது நடந்த பெண்கள் கோல்ஃப் போட்டியில் மார்கரெட் ஆபட் என்ற அமெரிக்கப் பெண் வென்றார். அவர் பிறந்தது நம் கல்கத்தாவில். ஒன்பது குழிகளை 47 அடிகளில் முடித்தார். அவருடைய தாய் மேரி ஆபட்டும் அதே போட்டியில் ஆடி 65 அடிகளோடு ஏழாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அம்மா பை தூக்கவில்லை, தானும் மட்டை பிடித்தார். வேடிக்கை என்னவென்றால், அது ஒலிம்பிக் போட்டி என்றே மார்கரெட்டுக்குத் தெரியாது. ஒலிம்பிக்கில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் தான் என்பதை அறியாமலேயே 1955இல் இறந்துபோனார். பிறகு ஓர் ஆய்வாளர் தேடித்தான் அது வெளியே வந்தது. பெண்கள் கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்ப 2016 வரை ஆனது.

திரும்பிய பிறகும் எந்த மண்ணில் ஆடினார்கள் என்று பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃப் நடந்தது கசுமிகசேகி கிளப்பில். 2017 மார்ச் வரை அங்கே பெண்கள் முழு உறுப்பினராக முடியாது. ஒலிம்பிக் குழு நெருக்கியதால்தான் விதியை மாற்றினார்கள். அதிதியும் அவர் அம்மாவும் நான்கு நாள் நடந்த புல்தரை, நான்கரை ஆண்டுக்கு முன்னால் பெண்ணை முழு உறுப்பினராக ஏற்காத புல்தரை. எனக்கு வந்த வாழ்த்துப் படம் ஒன்றில்கூட இது இல்லை.

கூட யாருமே இல்லாமல் போன ஒருத்தியும் உண்டு. ஆல்தியா கிப்சன், 1927இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். பெற்றோர் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர்கள். கரிசல்காட்டில் பருத்தி எடுத்த கைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வீட்டைக் கற்பனை செய்வது கடினமில்லை. 1957லும் 1958லும் விம்பிள்டன் டென்னிஸ் பட்டம் வென்றார். அன்றைய டென்னிஸில் பட்டம் கிடைக்கும், பணம் கிடைக்காது. 1964இல், முப்பத்தேழு வயதில், அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் சுற்றில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். சில கிளப்புகள் புல்தரையில் ஆட விட்டன, கட்டடத்துக்குள் விடவில்லை. காருக்குள் உட்கார்ந்து காலணி மாற்றிக்கொண்டு ஆடப் போனார். கோல்ஃபில் ஒரு பட்டமும் வெல்லவில்லை. ‘டென்னிஸில் சிறந்தவர், கோல்ஃபில் சுமார்’ என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடலாம். காருக்குள் காலணி மாற்றியவருடைய அடிகளையும், உள்ளே கண்ணாடி பார்த்துத் தலை சீவி வந்தவர்களுடைய அடிகளையும் ஒரே அட்டையில் எழுதிக் கூட்டினால் அப்படித்தான் வரும்.

அதிதியையும் இப்படி ஒரு வரியில் முடிக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. டோக்கியோவில் ஓர் அடியில் தவறவிட்டவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஏழு அடி முன்னிலையோடு கடைசி நாளுக்குப் போய், 77 அடித்துத் தங்கத்தை விட்டவர். ஆசிய விளையாட்டுக் கோல்ஃபில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்பது அந்த வெள்ளிக்கு இரண்டாவது வரிதான். அதே 2023இல் கென்யாவிலும் ஸ்பெயினிலும் பட்டம் வென்று, ஐரோப்பியச் சுற்றில் ஐந்து பட்டங்களைத் தொட்டிருந்தார் என்பது மூன்றாவது வரிக்கும் வரவில்லை. ஒரு பெண்ணின் வேலையை அவளுடைய மோசமான ஒரு நாளை வைத்து அளக்கிறோம். குழம்பில் உப்புக் கூடிய நாள் மட்டும் வீட்டில் நினைவிருப்பதுபோல.

என் தவறையும் எழுத வேண்டும். அன்று காலை, ஆட்டம் முடிந்ததும், நான் பெரிய நியாயம் பேசினேன். “இது பணக்காரங்க விளையாட்டுத்தா. நமக்குக் குடிக்கத் தண்ணியில்ல, அங்க புல்லுக்கு ஊத்துறாங்க. நாம பார்த்து என்ன ஆகப்போகுது?” கண்மாய் வறண்டு சீமைக்கருவேலம் மண்டிய ஊரில் நின்று அதைச் சொல்வதற்குத் தைரியம் எதுவும் தேவையில்லை. அக்கா மகள் போனை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

“குண்டு எறியிறது ஏழை விளையாட்டுத்தான சித்தி? அதுக்கு ஏன் விடல?”

எனக்குப் பதில் இல்லை. வர்க்கத்தைச் சொல்லி அதிதியைத் தள்ளிவைத்தது எனக்கு வசதியாக இருந்தது. அப்படித் தள்ளிவிட்டால் என் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. புல்தரைக்குப் பணம் வேண்டும், உண்மை. இரும்புக் குண்டுக்கும் கட்டாந்தரைக்கும் பெரிய பணம் வேண்டாம். அங்கேயும் பெண் நின்றுபோகிறாள் என்றால் நின்ற காரணம் பணம் மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு விடியக்காலை மில் வேன் வருகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் ஏறிப் போகிறார்கள். இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறார்கள். “கூட யாரு போறது?” என்று அங்கே எவரும் கேட்பதில்லை. சம்பளம் வருகிற பாதையில் பெண்ணுக்குத் துணை தேவைப்படுவதில்லை. அவளுக்காக மட்டும் அவள் போகிற பாதையில்தான் துணை தேவைப்படுகிறது. அதனால் அந்தக் கேள்வியைப் பாதுகாப்புப் பற்றிய கேள்வி என்று நான் இப்போது நம்புவதில்லை. உண்மையிலேயே பாதுகாப்புத்தான் கவலை என்றால், ஒவ்வொரு அணியோடும் ஓர் ஆசிரியையைப் பயணப்படி கொடுத்து அனுப்பச் சொல்லி ஊரே கேட்டிருக்கும்.

படிக்கிற பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி ஒரு ‘சாதனைப் பெண்’ கட்டுரை கையில் கிடைத்தால், அவள் வென்ற பதக்கத்தோடு சேர்த்து இதையும் தேடுங்கள்: கூடப் போனது யார், எத்தனை நாள், அந்த நாட்களில் அவர் வீட்டு வேலையை யார் பார்த்தார்கள், அவருக்கு என்ன கிடைத்தது. கட்டுரையில் அது இல்லாவிட்டால், எழுதியவர் பாதிக் கதையை விட்டுவிட்டார் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். நானும் அப்படிப் பல கட்டுரைகள் எழுதியவள்தான்.

2022இல் போட்டிகள் மறுபடி நடந்தன. அக்கா மகள் பிளஸ் டூ. நடுவில் மூன்று ஆண்டு குண்டைத் தொடாத கை. குறுவட்டத்தில் இரண்டாவதாக வந்து மாவட்டத்துக்குத் தேறினாள். இந்த முறை இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நான் கூடப் போனேன். தண்ணீர்ப் பாட்டிலும் துண்டும் எலுமிச்சம்பழச் சாதமும் இருந்த பையை வெயிலில் தூக்கிக்கொண்டு நின்றேன். ஆறாவதாக வந்தாள். திரும்பும்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே, “மூணு வருசம் போட்டிருந்தா?” என்று கேட்டாள். கணக்குப் போட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பஸ் வந்தது. பையை அவள் வாங்கிக்கொண்டாள்.