தனக்கு வந்த வலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். சட்டமன்றங்களில் பெண்கள் வேண்டும் என்று வாதாடும்போது நாம் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். அடிபட்டவள் சட்டம் எழுதினால் அது வேறாக இருக்கும், பிள்ளை பெற்றவள் பட்ஜெட் போட்டால் அது வேறாக இருக்கும் என்று நம்புகிறோம். நானும் மேடைகளில் இதைப் பேசியிருக்கிறேன். அமெரிக்காவின் அயோவா மாநில செனட்டர் ஜோனி எர்ன்ஸ்டின் அரசியல் வாழ்க்கையைத் தொடர்ந்து படித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. முழுதாக உடைந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எர்ன்ஸ்ட் 1970இல் பிறந்தவர். தென்மேற்கு அயோவாவில் ஸ்டான்டன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் வளர்ந்தார். மக்காச்சோளமும் பன்றி வளர்ப்பும்தான் அந்த மாநிலத்தின் பிழைப்பு. அங்கே மனிதர்களைவிடப் பன்றிகள் பல மடங்கு அதிகம். தேசியக் காவல் படையில் சேர்ந்த அவர், 2003இல் இராக் போரின்போது குவைத்திலும் இராக்கிலும் ஒரு போக்குவரத்துப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு சொந்த மாவட்டத்தில் தேர்தலையும் கணக்கையும் பார்க்கும் பதவி, மாநில செனட், 2014இல் அமெரிக்க செனட். 1846இல் மாநிலமான அயோவா, நாடாளுமன்றத்தின் ஏதேனும் ஓர் அவைக்கு ஒரு பெண்ணை அனுப்ப 168 ஆண்டுகள் ஆயின. அந்தப் பெண் கருக்கலைப்பு உரிமையை எதிர்க்கும் குடியரசுக் கட்சிக்காரர்.

அவரைப் புரிந்துகொள்ள இரண்டு கதைகள் போதும். இரண்டும் அவரே சொன்னவை.

முதலாவது 2014ஆம் ஆண்டுத் தேர்தல் விளம்பரம். பண்ணையில் பன்றிகளுக்குக் காயடித்து வளர்ந்தவள் நான், வாஷிங்டனுக்குப் போனால் எதை எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரியும் என்று புன்னகையோடு சொல்கிறார். அமெரிக்க அரசியல் பேச்சில் ‘பன்றி இறைச்சி’ என்றால், உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கு வாரிக்கொடுக்கும் அரசுச் செலவு. அந்த ஒரு விளம்பரம்தான் அவரை நாடறியச் செய்தது. முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன். கத்தியைப் பற்றி ஒரு பெண் இவ்வளவு இயல்பாகப் பேசி, ஆண்கள் நிறைந்த ஓர் அவையை மிரட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கத்தி யார் மேல் விழப்போகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது கதை 2015 ஜனவரியில் சொன்னது. அதிபர் ஒபாமாவின் ஆண்டு உரைக்குக் கட்சியின் சார்பில் பதில் பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சிறுவயதில் தன்னிடம் ஒரே ஒரு நல்ல காலணிதான் இருந்தது, மழை நாளில் அது நனையாமலிருக்க அம்மா ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை அதன்மேல் மாட்டிவிடுவார் என்றார். அதற்காகக் கூச்சப்பட்டதில்லை, ஏனென்றால் பள்ளிப் பேருந்தில் வரிசை வரிசையாக எல்லாப் பிள்ளைகளின் காலிலும் ரொட்டிப் பைதான் என்றார்.

அந்தப் பேருந்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வீட்டில் காலணி இல்லை என்றால் அது அந்த வீட்டின் கஷ்டம். ஒரு பேருந்து முழுக்க இல்லை என்றால் அது ஊரின் நிலை, அரசின் கொள்கை. ஏன் என்று கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் அவர் அங்கிருந்து உழைப்பு, சிக்கனம், தன்மானம் என்று நகர்ந்துவிடுகிறார். எல்லோருக்கும் இருந்த வறுமை, அவரவர் தனியாகத் தாண்டிவந்த சோதனையாக மாறிவிடுகிறது. தாண்டி வராதவர்களைப் பற்றி அந்தக் கதையில் ஒரு சொல்லும் இல்லை.

அயோவாவின் விவசாயம் தன் காலில் மட்டும் நிற்பதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டுச் சட்டம் (2007இல் விரிவாக்கப்பட்டது) அந்த மாநிலத்து மக்காச்சோளத்துக்கு நிலையான சந்தையைக் கொடுத்தது. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் பெரும்பங்கை மத்திய அரசே ஏற்கிறது. எத்தனால் சட்டத்தைத் தளர்த்த முயன்றவர்களோடு, சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோதும் எர்ன்ஸ்ட் மோதினார். விவசாயிக்கு அரசு துணை நிற்பதை நான் குறை சொல்லவில்லை. சோளத்துக்குக் கொடுத்தால் அது கிராமத்தின் நலன், ஏழைத் தாய்க்குக் கொடுத்தால் மட்டும் வெட்ட வேண்டிய செலவா என்பதுதான் என் கேள்வி.

அவருடைய கத்தி விழுந்த இடங்களைப் பாருங்கள். 2013இல் மாநில செனட்டராக இருந்தபோது, கருவுற்ற கணத்திலிருந்தே உயிருக்கு முழு உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை இணைந்து முன்மொழிந்தார். 2015இல் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்புக்கு மத்திய அரசின் நிதியை நிறுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். மிகச் சில விதிவிலக்குகள் தவிர கருக்கலைப்புக்கு மத்திய நிதி போவதை 1976ஆம் ஆண்டின் ஹைட் திருத்தமே தடுத்துவிட்டது. ஆகவே இந்த மசோதா கை வைத்தது கருத்தடை, புற்றுநோய்ப் பரிசோதனை போன்ற சேவைகளின் மீது. தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் 53க்கு 46 என்ற கணக்கில் அது நின்றுபோனது. 2019இல் பிரசவகால ஊதிய விடுப்புக்காக அவர் இணைந்து கொண்டுவந்த திட்டமும் இதே மனநிலையில் பிறந்ததுதான். பிள்ளை பெறும்போது பணம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக வயதான காலத்து ஓய்வூதியம் தள்ளிப்போகும். தாய் தன் முதுமையிடமே கடன் வாங்கித்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு எளிய கட்டுரையாக இருந்திருக்கும். 2019 ஜனவரியில் அவருடைய மணமுறிவு வழக்கின் ஆவணங்கள் செய்தியாளர்கள் கைக்குப் போயின. மணவாழ்வில் வன்முறைக்கு ஆளானதையும், கல்லூரி நாட்களில் பாலியல் வல்லுறவுக்கு உள்ளானதையும் அதன் பிறகு அவர் வெளிப்படையாகப் பேசினார். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்ற உரிமை அவர் கையை விட்டுப் போயிருந்தது. எந்தப் பெண்ணுக்கும் அது நேரக்கூடாது. அவருடைய அரசியல் எனக்கு எவ்வளவு ஒவ்வாததாக இருந்தாலும் அந்த இடத்தில் நான் அவர் பக்கம்தான்.

அந்த வலி சட்டமாகவும் மாறியது. படையில் நடக்கும் பாலியல் குற்றங்களில் வழக்குத் தொடுக்கும் முடிவை மேலதிகாரிகளிடமிருந்து எடுத்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் பல ஆண்டுகள் போராடிவந்தார். 2021இல் எர்ன்ஸ்ட் அவரோடு நின்றார். பாலியல் வல்லுறவு வழக்குகள் உட்பட அதன் முக்கியப் பகுதி அந்த ஆண்டு இறுதியில் நிறைவேறியது. காலாவதியாகிக் கிடந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தை 2022இல் புதுப்பித்தவர்களில் அவரும் ஒருவர். மணமாகாத துணையை அடித்துத் தண்டனை பெற்றவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் பிரிவு அதில் விடப்பட்டது. அவர் கட்சி அதை ஏற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூனில் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்த துப்பாக்கிச் சட்டத்துக்கு, கட்சியின் பெரும்பான்மையை மீறி அவர் ஆதரவாக வாக்களித்தார். தன்பாலினத் திருமணத்தைப் பாதுகாக்கும் சட்டத்துக்கும் வாக்களித்தார். அம்மாவின் பழமொழி பொய்யில்லை.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2024 இறுதியில் பாதுகாப்புத் துறைக்குப் பீட் ஹெக்செத்தை டிரம்ப் முன்மொழிந்தார். போர்முனைப் பணியில் பெண்கள் இருக்கக் கூடாது என்று பேசியவர் அவர். அவர்மீது 2017ஆம் ஆண்டின் பாலியல் வன்முறைப் புகார் ஒன்றும் இருந்தது. அதை அவர் மறுத்தார், வழக்கும் பதிவாகவில்லை. எர்ன்ஸ்ட் முதலில் தயங்கினார். உடனே டிரம்ப் ஆதரவாளர்கள் அவரைக் குறிவைத்தார்கள், அடுத்த தேர்தலில் கட்சிக்குள்ளேயே போட்டி வேட்பாளரை நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். ஜனவரியில் அவர் ஆதரவு தெரிவித்தார். வாக்கு 50க்கு 50 என்று நின்று, துணை அதிபரின் வாக்கால் ஹெக்செத் வென்றார். எர்ன்ஸ்ட் எதிர்த்திருந்தால் தோற்றிருப்பார். படையில் பாலியல் வன்முறையைப் பற்றி அந்த அவையில் வேறெவரையும்விட அறிந்தவர்களில் ஒருவரின் வாக்கு அது.

2025 மே 30 அன்று பார்க்கர்ஸ்பர்க் என்ற சிற்றூரில் மக்களைச் சந்தித்தார். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டிலும் உணவு உதவியிலும் கை வைக்கும் மசோதாவைப் பற்றிப் பேச்சு. அமெரிக்காவில் பத்தில் ஏறக்குறைய நான்கு பிரசவங்களுக்கு மெடிக்கெய்டுதான் செலவு செய்கிறது. மக்கள் செத்துப்போவார்கள் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. நாம் எல்லோருமே சாகத்தான் போகிறோம் என்று அவர் பதில் சொன்னார். மறுநாள் கல்லறைகளுக்கு நடுவே நின்று கேலியாக மன்னிப்புக் கேட்கும் காணொளி ஒன்றையும் வெளியிட்டார். ஜூலை 1 அன்று மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். செப்டம்பரில், 2026 தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

அந்தப் பதிலைக் கொடூரம் என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அது ரொட்டிப் பைக் கதையின் தொடர்ச்சியாகவே கேட்டது. வறுமை எல்லோருக்கும் இருந்தது, சாவும் எல்லோருக்கும் உண்டு, ஆகவே அரசிடம் கேட்க ஒன்றுமில்லை. தனக்கு வந்த வலியை அவர் அறிவார். அடிபட்ட மனைவியும் படையில் துன்புற்ற பெண்ணும் அவருக்குத் தெரிந்த முகங்கள். மருத்துவ அட்டையை நம்பிப் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் வரும்போது அந்த அறிவு நின்றுவிடுகிறது. காரணம் அவர் கல்மனம் கொண்டவர் என்பதல்ல. துன்பத்தைத் தனியாகத் தாங்குவதே பெருமை என்று தன் கதையை அவர் சொல்லிப் பழகியிருக்கிறார்.

ஆகவே ஒரு பெண் வேட்பாளரிடம், உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதோடு நாம் நிறுத்தக் கூடாது. அது உனக்கு மட்டுமா நேர்ந்தது, அதற்காக அரசின் பணத்தில் எவ்வளவு ஒதுக்குவாய் என்றும் கேட்க வேண்டும். எர்ன்ஸ்டின் கதையிலேயே அந்தக் கேள்விக்கு இடம் இருந்தது. பேருந்து முழுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று சொன்னவர் அவர்தான்.