கிளட்ச் பேரிங்: உள்ளே சிக்கனம், வெளியே அலட்சியம்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரப் பட்டறைகளுக்கு மேனுவல் கியர் வண்டி ஒன்று கிளட்ச் கோளாறோடு வந்தால், பேச்சு பெரும்பாலும் ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது: ரிலீஸ் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, செட்டாகவே மாற்ற வேண்டுமா? வண்டிக்காரர் சட்டைப்பையைப் பார்த்துப் பதில் சொல்கிறார். விலையை வைத்து இந்த முடிவை எடுப்பதில்தான் கோளாறே இருக்கிறது என்பது என் கருத்து. பாகம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்கினால் மட்டுமே கை எட்டும் பாகங்கள் ஒரு வகை. பானெட்டைத் திறந்தாலோ வண்டிக்கடியில் குனிந்தாலோ கை எட்டும் பாகங்கள் இன்னொரு வகை. முதல் வகையில் நாம் ஐம்பது வெள்ளிக்கும் நூறு வெள்ளிக்கும் கணக்குப் பார்க்கிறோம். இரண்டாம் வகையை வண்டி நடுவழியில் நிற்கும்வரை எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டையும் தலைகீழாக மாற்றிச் செய்ய வேண்டும்.

ரிலீஸ் பேரிங் செய்யும் வேலை எளிமையானது. பெடலை மிதித்தால் கேபிளோ எண்ணெய் அழுத்தமோ கவட்டையைத் தள்ளுகிறது. கவட்டை பேரிங்கைத் தள்ளுகிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பிரஷர் பிளேட்டின் விரல்களைப் பேரிங் அழுத்த, கிளட்ச் தட்டு பிடி விடுகிறது. அசையாத கவட்டைக்கும் சுழலும் விரல்களுக்கும் நடுவே நின்று உராய்வைத் தாங்குவதுதான் அதன் வேலை. 1950களில் மலாயாவில் ஓடிய மோரிஸ் மைனரில் இந்த இடத்தில் உருளைகளே இல்லாத ஒரு கிராஃபைட் வளையம் இருந்தது. காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டினால் அது தேய்ந்து ஒழிந்துவிடும். இன்றைய பேரிங் அதைவிட எவ்வளவோ உறுதியானது. ஆனாலும் ஆயுளுக்கும் ஒரே கிரீஸ்தான். ஆலையிலேயே நிரப்பி மூடிவிடுகிறார்கள். பெட்ரோலிலோ டீசலிலோ போட்டுக் கழுவி, மேலே புதுக் கிரீஸ் தடவி மறுபடி மாட்டுகிற பழக்கம் அந்தப் பேரிங்குக்கு நன்மை செய்வதில்லை. கழுவும் எண்ணெய் மூடிக்குள் புகுந்து உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். மேலே தடவியது உள்ளே போகாது.

நம் பட்டறைகளின் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. நல்ல மெக்கானிக் ஒருவர் கியர்பாக்ஸை இறக்கும் முன்பே காதால் பாதிக் கணக்கை முடித்துவிடுகிறார். நியூட்ரலில் பெடலை மிதித்ததும் கறகறவென்று சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம். காலை எடுத்தால் சத்தமிட்டு, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் சந்தேகம். 1994இல் வந்து 2009இல் உற்பத்தி நின்ற பெரோடுவா கஞ்சில் கார் இன்னும் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுகிறதென்றால், அதற்கு இந்தக் காதுகளும் கைகளும்தான் காரணம். பழுதானதை மட்டும் மாற்று, மற்றதைக் காப்பாற்று என்ற சிக்கனம் வறுமையிலிருந்து வந்திருந்தாலும் அதில் ஒரு நேர்மை உண்டு: தேவையில்லாததை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதில்லை.

அதே சிக்கனம் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் போகும்போது கணக்கு மாறிவிடுகிறது. உள்ளே இருக்கும் எதைத் தொட வேண்டுமானாலும் கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். பின்சக்கர ஓட்டமுள்ள ஹைலக்ஸ் பிக்கப் என்றால் புரோப்பெல்லர் ஷாஃப்டும் கழல வேண்டும். பேரிங்கின் விலையைவிட இந்தக் கூலி அதிகம். திறந்த வண்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய பேரிங் அழுத்திய இடத்தில், பிரஷர் பிளேட் விரல்களின் நுனியில் வட்டமாக ஒரு பளபளப்பான பள்ளம் விழுந்திருக்கும். சில விரல்கள் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கும். அந்த மேடுபள்ளத்தின் மேல் புதுப் பேரிங்கை உட்காரவைத்தால் அது முதல் நாளிலிருந்தே கோணலாகத்தான் சுழலும். தட்டும் பாதி தேய்ந்த நிலையில் இருந்தால், அடுத்த ஆண்டே அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியதாகிறது.

இதனால் செட்டாக மாற்றுவதே சரி என்று முடித்துவிடவும் முடியாது. செட் என்று பெட்டியில் வருவது பொதுவாக மூன்று: தட்டு, பிரஷர் பிளேட், பேரிங். பேரிங் வழுக்கிப் போகும் குழாய், கவட்டை, கவட்டை ஊன்றி நிற்கும் குமிழ் ஆகியவை அந்தப் பெட்டிக்குள் இருப்பதில்லை. குழாயில் படி போலத் தேய்மானம் விழுந்திருந்தால் புதுப் பேரிங் நேராக நகராமல் சிக்கிச் சிக்கிப் போகும்; பெடல் கனக்கும். பழி செட்டின் மேல் விழும், சில சமயம் பிராண்டின் மேல். எஞ்சினின் பின் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிந்துகொண்டிருந்தால் புதுத் தட்டு எண்ணெயில் நனைந்து வழுக்கத் தொடங்கும். ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் சீவ வேண்டும். பெட்டியைப் பிரித்து மாட்டிவிடுவதோடு வேலை முடியாது. திறந்தபோது எட்டும் எல்லாவற்றையும் பார்த்து அங்கேயே முடிவெடுப்பதுதான் முழு வேலை. குழாயிலும் குமிழிலும் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். அதிகம் தடவினால் அது தெறித்துத் தட்டின் மேல்தான் போய் விழும்.

பழைய வண்டிப் பாகங்களை விற்கும் பொத்தோங் கடைப் பொருளைப் பற்றி இங்கே ஒரு வாதம் உண்டு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த வண்டியின் பழைய ஒரிஜினல், போலிப் பெட்டியில் வரும் புதுசைவிட மேல் என்கிறார்கள். கவட்டைக்கும் ஃப்ளைவீலுக்கும் கியர்பாக்ஸ் உறைக்கும் இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவற்றின் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம், அளவெடுக்கலாம். பேரிங்கின் மிச்ச ஆயுளைக் கண்ணால் பார்க்க முடியாது. கையில் வைத்துச் சுற்றினால் மென்மையாகச் சுற்றும் பேரிங்கும் சுமை ஏறியதும் அலறலாம். ஆகவே பழசில் வாங்கக்கூடாத பாகம் இது. எக்ஸெடி, அய்சின், கோயோ, என்எஸ்கே போன்ற பெயர்களில் வாங்கும்போதும் பெட்டியை மட்டும் நம்பாமல், பேரிங் மேலேயே பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, தெரிந்த கடையில் பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு.

வெளியே இருக்கும் பாகங்களில்தான் நம் அலட்சியம் முழுதாகத் தெரிகிறது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சில் பிரேக் எண்ணெய்தான் ஓடுகிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; மலாக்காவின் ஈரக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஈரம் சேர்ந்த எண்ணெய் சிலிண்டரின் உட்சுவரை அரித்துப் புள்ளிப் பள்ளம் போட, ரப்பர் கிழிந்து கசிவு தொடங்குகிறது. கசிந்தால் கிளட்ச் முழுதாகப் பிடி விடாது. கியர் விழ மறுக்கும். உடனே கிளட்ச் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்குகிறார்கள். கவட்டையைத் தள்ளும் கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் தூக்கிப் பார்த்திருந்தால் போதும், கறுத்த எண்ணெய் வழிந்திருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிக் காற்று எடுப்பது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. கேபிள் வண்டியில் பெடலின் தளர்வைச் சரிபார்ப்பது அதைவிடச் சுருக்கம். தளர்வே இல்லாவிட்டால் பேரிங் நாள் முழுக்க விரல்களை அழுத்திக்கொண்டே சுழலும். ஓட்டுநரின் இடது கால் பெடல் மேலேயே தங்கியிருந்தாலும் இதே கதிதான். செம்பனை ஆலை வாசலில் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து நகரும் லாரியில் இது தினமும் நடக்கிறது.

செட்டுக்கும் கூலிக்கும் ஒரே நேரத்தில் பணம் புரட்ட முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. ஓரிரு ஆண்டில் கழித்துக்கட்டப் போகும் காருக்கு முழுச் செலவு தேவையில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் செம்பனை ஏற்றும் லாரியின் கதை வேறு. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். அந்த லாரி இரண்டு முறை பட்டறையில் படுத்தால் மிச்சம் பிடித்த பணம் முதல் நாளிலேயே போய்விடும். ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டும் செல்லும் டிஏ உரிமம் 2014இல் வந்துவிட்டதே, இனி மேனுவல் யாருக்கு என்றும் சிலர் கேட்கலாம். நகரத்துக் காருக்கு அது பொருந்தலாம். தோட்டத்து லாரியும் பிக்கப்பும் டிராக்டரும் இன்னும் கிளட்ச் பெடலோடுதான் ஓடுகின்றன. மேனுவல் வண்டி குறையக் குறைய இந்த வேலை தெரிந்த கைகளும் குறையும் என்பதால் கவனம் இப்போதுதான் அதிகம் வேண்டும்.

பட்டறை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். கிளட்ச் வேலை முடிந்ததும் கழற்றிய பாகங்களை வண்டிக்காரர் கையில் கொடுத்து, பிரஷர் பிளேட் விரல்களில் விழுந்த பள்ளத்தையும் குழாயின் தேய்மானத்தையும் காட்டுங்கள். பில்லில் பாகத்தின் பிராண்டையும் எண்ணையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதுங்கள். வண்டிக்காரர்களும் அந்த பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள். அடுத்த முறை பானெட்டைத் திறக்கும்போது கிளட்ச் எண்ணெயின் நிறத்தை ஒரு நிமிடம் பாருங்கள்.