ஜமாத்தின் உள்ளே

தீபா தன்ராஜின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011) ஆவணப்படத்தை வட்டக்கானலில், தோழி நடத்தும் தங்கும் விடுதியின் சமையலறையில், அங்கே வேலை செய்யும் நான்கு பெண்களோடு உட்கார்ந்து பார்த்தேன். வெளியே மூடுபனி. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் ஜமாத்தில் ஆண்கள் மட்டுமே அமர்வார்கள். மணவிலக்கு அவளுக்குத்தான்; தன் தரப்பைத் தானே சொல்ல அவளுக்கு அங்கே இடமில்லை. புதுக்கோட்டையில் ஷரீபா கானம் முன்னெடுத்த பெண்கள் ஜமாத் இதற்கு எதிராக எழுந்தது. 2004இல் தொடங்கி, படம் வந்த காலத்துக்குள் 12 மாவட்டங்கள், 12,000 உறுப்பினர்கள்.

எண்ணிக்கை எனக்குப் பெரிதல்ல. இந்தப் பெண்கள் விசாரிக்கிறார்கள், வாதாடுகிறார்கள். அடி, மணவிலக்கு முதல் கொலை வரை எடுத்துப் பேசுகிறார்கள். 'பாதிக்கப்பட்டவள்' என்று ஒருத்தியை மூலையில் உட்காரவைத்து இரங்கும் படமல்ல இது.

எனக்குக் குறையும் உண்டு. யார் பஸ் ஏறினார்கள், யார் பதிவேடு எழுதினார்கள், அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற சலிப்பான வேலையை இன்னும் காட்டியிருக்கலாம். ஒரு கூட்டம் கலையாமல் வளர்வது அதில்தான்.

படம் முடிந்து பாத்திரம் கழுவ எழுந்த அக்கா சொன்னார்: “நாங்களும் மாசாமாசம் குழுக் கூட்டம் போடுறோம். தவணைக் கணக்கு முடிஞ்சதும் எந்திரிச்சிருவோம். யாரு அடி வாங்குறானு ஒருநாளும் கேட்டதில்ல.”

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி மட்டும், அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்று கேட்டாள்.