கவுன்ட் எவ்வளவு?

டெங்கு வார்டுக்கு வெளியே நிற்கும் உறவினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இந்த ஒரு கேள்வியைத்தான். ரத்தத் தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் முகம் தெளியும். நாற்பதாயிரம் என்றால் அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ரத்தம் கேட்டுச் செய்தி பறக்கும். ஒருவர் பப்பாளி இலைக்கு அலைவார், இன்னொருவர் ரத்த வங்கிக்கு ஓடுவார். கட்டிலில் கிடப்பவரின் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பற்றி யாரும் பேசுவதில்லை.

டெங்கு வைரஸை ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முயலாமல் இல்லை. குளோரோகுயின், பாலாபிரவிர், லோவாஸ்டாட்டின், ஸ்டீராய்டு ஆகியவற்றை வியட்நாமிலும் செல்கோசிவிரைச் சிங்கப்பூரிலும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் பலன் தரவில்லை. நம்பிக்கை ஊட்டிய மாஸ்னோடென்விர் மாத்திரையின் களச்சோதனையை ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2024இல் நிறுத்திக்கொண்டது. ஆராய்ச்சி முன்னுரிமைகளை மாற்றியமைப்பதாகக் காரணம் சொன்னார்கள். ஏழை நாடுகளின் காய்ச்சலுக்கு முன்னுரிமைப் பட்டியலில் எந்த இடம் கிடைக்கும் என்பது தெரிந்த கதைதான். இதில் உடலியல் சிக்கலும் ஒன்று உண்டு. நோயாளி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆஸ்பத்திரிக்கு வரும்போது ரத்தத்தில் வைரஸ் தானாகவே குறையத் தொடங்கியிருக்கும். ஆபத்து வைரஸால் அல்ல, அது தூண்டிவிட்ட கசிவால் வருகிறது.

ரத்த நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிவதுதான் கடுமையான டெங்குவின் மையம். நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் சேரும், குழாய்க்குள் ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் சரியும். இந்தக் கசிவு பெரும்பாலும் ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரைதான். அந்த நேரத்தைத் தாண்டவைத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். பாங்காக்கில் 1958இல் பெருந்தொற்று வந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்தது. அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் சுசித்ரா நிம்மன்னித்யாவும் உடன் பணியாற்றியவர்களும் நோயின் போக்கைக் கவனித்து, எப்போது, எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று வரையறுத்தார்கள். நல்ல கவனிப்பு இருந்தால் இன்று இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. புது மருந்து எதுவும் இல்லாமல், சலைன் பாட்டிலையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு சாதித்தது இது. “மருந்து இல்லை” என்பதை “வைத்தியம் இல்லை” என்று புரிந்துகொள்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை எளிதாகத் தோன்றும். படுக்கையருகே தொங்கும் அட்டையைப் பாருங்கள். ரத்த அழுத்தம் 100/80 என்று எழுதியிருக்கிறது. மேல் எண் நூறு இருக்கிறதே என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். டெங்கு தெரிந்த மருத்துவருக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு எண்ணுக்கும் இடைவெளி இருபதாகச் சுருங்கிவிட்டால் அது அதிர்ச்சி நிலை. கைகால் சில்லிட்டிருக்கும், ஆனால் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். அதுதான் ஏமாற்றுகிறது. கூடவே பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நாற்பதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு ஏறியிருந்தால் பிளாஸ்மா கசிகிறது என்று அர்த்தம். அபாய அறிகுறி தெரிந்து, வாய்வழி குடிக்க முடியாதவருக்கு முதல் ஓரிரு மணி நேரம், எடையில் கிலோவுக்கு மணிக்கு ஐந்து முதல் ஏழு மில்லி வீதம் ஏற்றி, பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். விலை உயர்ந்த திரவம்கூடத் தேவையில்லை. வியட்நாமில் டெங்கு அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, மிதமான அதிர்ச்சிக்குச் சாதாரண ரிங்கர் லாக்டேட்டே போதும் என்று காட்டியது.

இந்த முறையின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. மாத்திரையை யார் கொடுத்தாலும் அது தன் வேலையைச் செய்யும். திரவ வைத்தியம் பார்ப்பவரின் கண்ணை நம்பி நிற்கிறது. ஓட்டைக் குடத்தில் அளந்து ஊற்றும் வேலை இது. குறைந்தால் அதிர்ச்சி, கூடினால் நுரையீரலில் நீர். கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் பிழைத்தவரே மூச்சுத்திணறிப் போவார். ஒரே நர்ஸ் முழு வார்டையும் பார்க்கும் இரவில், மணிக்கொரு தரம் நாடியும் சிறுநீர் அளவும் குறிக்கப்படும் என்று எதிர்பார்ப்பது எப்படி? ராத்திரியில் பிசிவி பார்க்க ஆய்வகம் திறந்திராத ஊர்கள் எத்தனை? வழிகாட்டிப் புத்தகம் இதற்கு விடை சொல்வதில்லை. காய்ச்சலுக்கு டிரிப்ஸ் போட்டால் தெம்பு வரும் என்று கேட்டு வாங்கும் வழக்கமும், கேட்டதும் போட்டுவிடும் கிளினிக்கும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. குடிக்க முடிகிறவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் இளநீரும் கஞ்சியும் போதும்.

தட்டணு ஏற்றுவதைப் பற்றி என் கருத்து கடுமையானது. ரத்தக் கசிவே இல்லாதவருக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுவதால் பயன் இல்லை. சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகளில், எண்ணிக்கை இருபதாயிரமோ அதற்குக் கீழோ இருந்த பெரியவர்களிடம் இதைச் சோதித்து 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஏற்றிக்கொண்டவர்களுக்கு ரத்தக் கசிவு குறிப்பிடும்படி குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. கடுமையாக ரத்தம் போகிறவருக்குத் தேவைப்படலாம், அது வேறு கதை. திடீரென்று சரியும் எண்ணிக்கை, பிசிவி ஏற்றத்தோடு சேர்ந்து வந்தால் எச்சரிக்கை மணி என்பதும் உண்மை. ஆனால் தட்டணு எண் கண்ணுக்குத் தெரிகிறது, ஏற்றினால் பில்லிலும் தெரிகிறது. கவனிப்புக்குப் பில் போட முடியாதே!

பப்பாளி இலைச்சாறு இந்த எண் மோகத்தின் பிள்ளை. ஆறாம் ஏழாம் நாளில் தட்டணு தானாக ஏறும். அன்று எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். நிலவேம்புக் குடிநீரை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து, காய்ச்சலுக்கு நெடுங்காலமாகப் புழங்குவது. 66 பேரை டெங்குவுக்குப் பறிகொடுத்த 2012இல் தமிழக அரசே அதை ஊர் ஊராக வழங்கியது. ஆராய்ச்சி முடியும்வரை தன் இயக்கத்தினர் விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் 2017இல் சொன்னபோது பெரிய சர்ச்சை எழுந்தது. மரபா அறிவியலா என்று சண்டை போட்டார்களே தவிர, குடித்தவர்களிலும் குடிக்காதவர்களிலும் எத்தனை பேருக்குப் பிளாஸ்மா கசிவு வந்தது என்ற கேள்விக்குச் சூடு பிறக்கவில்லை. லட்சக்கணக்கானோருக்குக் கொடுத்த அரசு, ஒழுங்கான ஒப்பீட்டுச் சோதனையையும் கூடவே நடத்தியிருக்க வேண்டும். குடிநீர் குடித்தவர் பாதுகாப்பு வந்துவிட்டதாக நம்பி ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்தால், கசப்பைத் தவிர தீங்கில்லாத கஷாயமும் தீங்குதான்.

கடைசியாக ஒன்று. டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்து தொடங்கும் நாள், நாமோ அன்றைக்குத்தான் டிஸ்சார்ஜ் கேட்கிறோம். அடுத்த இரண்டு நாள் ஆளைக் கண்காணியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் தவிர புரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். போனதும் கவுன்ட்டோடு நிறுத்தாமல், பிசிவி எவ்வளவு, பிரஷரின் இடைவெளி எவ்வளவு என்றும் கேளுங்கள்.