பூந்தொட்டிக் கணக்கும் நெல்லுக் கணக்கும்

வரி கட்டும் வேலைக்காக ஒரு தொழில் எத்தனை மணி நேரம் செலவழிக்கிறது என்று உலக வங்கி பல ஆண்டுகள் அளந்துவந்தது. ‘டூயிங் பிசினஸ்’ என்ற அந்த அறிக்கை ஒரு கற்பனை நிறுவனத்தை அளவுகோலாக வைத்திருந்தது: ஊழியர்கள் 60 பேர், பீங்கான் பூந்தொட்டி செய்து சில்லறையில் விற்பது தொழில். இந்தியாவுக்கான விவரங்கள் மும்பையிலும் டெல்லியிலும் மட்டும் திரட்டப்பட்டன. 2020ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியா 63ஆம் இடத்துக்கு ஏறியபோது மேளம் கொட்டினோம். தரவுகளில் முறைகேடு என்ற புகார் எழுந்து, 2021 செப்டம்பரில் அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள்.

முறைகேட்டை விட்டுவிடலாம். பூந்தொட்டிக்காரருக்கு வயல் கிடையாது. களத்துமேட்டில் நின்று ரொக்கம் எண்ணிக் கொடுக்கும் வேலையும் கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் தொழில் செய்கிறவருக்குப் பெரும்பாலும் இதில் ஒன்றாவது உண்டு. டெல்டாவில் வரித் தாக்கல் சிக்கலாவது இந்த இரண்டு இடங்களில்தான். (பிரிவுகளைப் பழைய எண்களிலேயே சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்றாலும், ஆடிட்டரிடம் ‘44ஏடி’ என்றால்தான் சட்டென்று புரியும்.)

வயலிலிருந்து தொடங்குவோம். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வரி இல்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 10(1) விலக்கு தருகிறது. சிறு வியாபாரிக்கு ‘சுகம்’ என்ற எளிய படிவமும் உண்டு, அதாவது ஐ.டி.ஆர்-4. பிரிவு 44ஏடி-யின்படி விற்றுமுதலில் 8 விழுக்காடு, வங்கி வழியே வந்த பணமானால் 6 விழுக்காடு லாபம் என்று ஒப்புக்கொண்டால் போதும், பேரேடு எழுத வேண்டியதில்லை. கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் தானே உட்கார்ந்து ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். ஆனால் விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ‘சுகம்’ கிடைக்காது, ஐ.டி.ஆர்-3க்குப் போக வேண்டும். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். செலவு போக இரண்டு குவிண்டால் நெல்லுக்குச் சற்று மேல் மிஞ்சினாலே வரம்பு போயிற்று. அப்பா விட்டுச்சென்ற ஒரு மாவில் சம்பா போட்டிருக்கும் கடைக்காரர், பெரிய வியாபாரிகளுக்கென்று வகுத்த நீண்ட படிவத்துக்குள் தள்ளப்படுகிறார். கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் இதுதான் கதை.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், மற்ற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டல் சிறு படிவத்தில் இல்லை. ஆனால் படிவத்தில் ஒரு வரி கூட்டினால் தீரும் விஷயம் இது. அதற்குப் பதிலாக ஆளையே வேறு படிவத்துக்கு அனுப்புவது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ரொக்கம். பிரச்சினையின் கனம் இங்கேதான். தொழில் விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால் பிரிவு 44ஏபி-யின்படி தணிக்கை கட்டாயம். 2012-13இல் வந்த இந்த வரம்பு இன்னும் அப்படியே நிற்கிறது. அப்போது சாதாரண நெல்லின் ஆதரவு விலை 1,250 ரூபாய். 1 கோடி என்பது 800 டன் நெல். 2025-26 விலையில் அது 422 டன்தான். யாரும் கைவைக்காமலே வரம்பு பாதியாகிவிட்டது என்று ஆலைக்காரர்கள் குறைப்படுவார்கள். இந்தக் குறையை நான் பாதிதான் ஏற்கிறேன். 44ஏடி-யைத் தேர்ந்துகொண்டால் 2 கோடி வரை தணிக்கை இல்லை. ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 3 கோடி வரை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியும் இல்லை. ஒன்றரைக் கோடிக்கு 8 விழுக்காடு போட்டால் சரியாக 12 லட்சம். சிறு மண்டி வியாபாரிக்கு இதைவிட மலிவான ஏற்பாடு வேண்டியதில்லை.

அகப்பட்டுக்கொள்வது நடுத்தர ஆலை. மணிக்கு 2 டன் அரைக்கும் ஆலையை நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டினால், 2 கோடி ரூபாய் நெல் 42 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே அந்த ஆலைக்காரர் கட்டாயம் தணிக்கைக்குள் வருகிறார். வெளியே வர ஒரு வழி உண்டு: ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் வரம்பு 10 கோடி. நெல் ஆலையின் பெருஞ்செலவு நெல்தான். அதைக் களத்திலேயே வாங்கி, அங்கேயே காசு கொடுத்தாக வேண்டும். கணக்கில் போட்டால் வங்கி பயிர்க்கடனுக்குப் பிடித்துக்கொள்ளுமோ என்ற அச்சம் விவசாயிக்கு. அறுவடை இயந்திர வாடகைக்கும் ஆள் கூலிக்கும் அன்றைக்கே ரொக்கம் வேண்டும்.

சட்டத்துக்கு இது தெரியாததல்ல. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்பதில்லை என்கிறது பிரிவு 40ஏ(3). ஆனால் விளைவித்தவரிடமே விளைபொருளை வாங்கினால் அந்தத் தடை இல்லை என்று விதி 6டிடி விலக்குத் தருகிறது. களத்துமேட்டு ரொக்கம் நேர்மையானது என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. அதே ரொக்கத்தை 44ஏபி-யின் 5 விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்கும்போது விலக்கு ஏதும் இல்லை. ஒரு பிரிவு குற்றமில்லை என்று விட்ட கொள்முதலுக்காக இன்னொரு பிரிவு தணிக்கை கேட்கிறது. படிவம் 3சிடி-யின் 44 கூறுகளையும் நிரப்பி, செப்டம்பர் 30க்குள் அறிக்கை ஏற்ற வேண்டும். அது குறுவை அறுவடை மும்முரமாக இருக்கும் நேரம். ஏற்றாவிட்டால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றுமுதலில் அரை விழுக்காடு, அதிகபட்சம் ஒன்றரை லட்சம் அபராதம். 2025இல் அறிக்கைக் கெடுவை அக்டோபர் 31 வரையும் பிறகு நவம்பர் 10 வரையும் நீட்டினார்கள். ஆண்டுதோறும் கடைசி நேரத்தில் வரும் நீட்டிப்பை நம்பித் தொழில் நடத்த முடியாது.

தணிக்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரொக்க நெல் ரசீதில் இல்லாத விவசாயியின் பெயரை எழுதிக் கொள்முதலைப் பெருக்கலாம்; வரியில்லா விவசாய வருமானம் என்ற பெயரில் வேறு பணத்தை வெளுக்கலாம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019 அறிக்கையில், தாம் ஆராய்ந்த வழக்குகளில் 22.5 விழுக்காட்டில் விவசாய வருமான விலக்கு போதிய ஆவணச் சரிபார்ப்பு இல்லாமலே ஏற்கப்பட்டது என்று கண்டார். சொந்த நெல்லையும் வாங்கிய நெல்லையும் ஒரே ஆலையில் அரைக்கும் மிராசுதார் இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் வேண்டும். கமிஷன் ஏஜெண்டுகளுக்கு 44ஏடி கிடையாது என்பதும் சரியே: வரும் கமிஷன் பெரும்பாலும் லாபம்தான், அதில் 8 விழுக்காடு என்று ஏற்பது சலுகையாகிவிடும்.

செலவு யார்மேல் எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு பழைய இந்திய ஆய்வு உண்டு. பொது நிதி மற்றும் கொள்கைக்கான தேசிய நிறுவனத்துக்காகச் சௌமென் சட்டோபாத்யாயும் அரிந்தம் தாஸ்-குப்தாவும் 2000-01ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டார்கள். நிறுவனங்கள் கட்டிய வரியில் 5.6 முதல் 14.5 விழுக்காடு வரை, வரி விதிகளைக் கடைப்பிடிக்கும் செலவே ஆனது. 45 நிறுவனங்களை வைத்துச் செய்தது. எண்களை நெல் ஆலைக்கு அப்படியே பொருத்த மாட்டேன். அது காட்டிய போக்குதான் முக்கியம்: நிறுவனம் சிறியதானால் சுமையின் விகிதம் பெரியது. 422 டன் அரைத்தாலும் 4,000 டன் அரைத்தாலும் நிரப்பும் கூறுகள் அதே 44.

ஆக, தணிக்கை நிற்கட்டும். இரண்டு விதிகள் மாறட்டும். 5,000 ரூபாய்த் தடை தேவையில்லை. 5 விழுக்காட்டுக் கணக்கிலிருந்து விவசாயியிடம் நேரடியாக வாங்கிய நெல்லை நீக்க வேண்டும், ஆனால் சும்மா அல்ல. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விவசாயி கொடுக்கும் சிட்டா, அடங்கல் நகல் தனியார் ஆலையின் ரசீதோடும் இருக்கட்டும். சர்வே எண் உள்ள ரசீதைத் தணிக்கைக் கையெழுத்தைவிட நான் நம்புவேன். 5 விழுக்காட்டு நிபந்தனை சட்டத்திலேயே இருப்பதால், அதைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். புதிய சட்டமும் தணிக்கை வரம்புகளை மாற்றாமல் 63ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. 5,000 ரூபாய்த் தடையோ படிவ விதியில் இருப்பது. நேரடி வரிகள் வாரியத்தின் ஓர் அறிவிக்கை போதும்.