விழுந்த கையும் மீந்த வழியும்

பக்கவாதத்தில் கை அசையாமல் போவது கையின் குற்றமன்று. எலும்பும் தசையும் அப்படியே இருக்கின்றன. ஆணை பிறக்கும் மூளைப் பகுதியோ, ஆணை இறங்கிவரும் வழியோ பழுதாகிவிட்டது. பெருமூளையின் இடப்பக்கத்திலிருந்து வரும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் குறுக்கே கடந்து வலப்பக்கம் செல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆகவே இடப்பக்க மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் வலக்கை விழுந்துவிடுகிறது.

விழுந்த கை எழுமா? எழும் என்று நம்பிக்கையூட்டுகிறார் நார்மன் டாய்ட்ஜ் என்னும் கனடா நாட்டு மனநல மருத்துவர். தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் மூளையைப் பற்றிய இவரது ஆங்கில நூல் 2007இல் வெளிவந்தது. கதை சொல்வதில் மனிதர் வல்லவர். நான் இரண்டே இரவில் படித்து முடித்தேன். ஆனால் ஒரு கதையில் மனம் தடுக்கி நின்றது.

1959இல் பக்கவாதம் கண்ட 65 வயதுப் பேராசிரியர் ஒருவர், மகனின் துணையால் குழந்தைபோல் தவழ்ந்து, நடந்து, மீண்டும் பாடம் நடத்தப் போனார். அவர் இறந்தபின் சோதித்தபோது, மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளில் 97 சதவிகிதம் அழிந்திருந்ததாம். மூளை தன்னைப் புதிதாக அமைத்துக்கொண்டதற்கு இதுவே சான்று என்கிறது நூல். இருக்கட்டும். அந்த மீதி 3 சதவிகிதம் என்ன செய்தது? அதுவும் அற்றுப்போயிருந்தால் அவர் எழுந்திருப்பாரா? இயற்பியல் படித்தவனுக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது.

1996இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் அணில் குரங்குகளில் செய்த ஆய்வைப் பாருங்கள். மூளைப் புறணியில் கையை ஆளும் பரப்பின் ஒரு சிறு பகுதியை மட்டும் பழுதாக்கினார்கள். பயிற்சி பெறாத குரங்குகளில், பழுதாகாத அண்டைப் பகுதியிலும் கைக்குரிய பரப்பு சுருங்கியது! சிறு குழிகளிலிருந்து உணவை எடுக்கப் பழக்கிய குரங்குகளிலோ அது நிலைத்தது. சிலவற்றில் முழங்கை, தோள் ஆகியவற்றின் பரப்பிலும் பரவியது. பயன்படுத்தாத கை மூளையில் இடம் இழக்கிறது என்பது ஐயமற்ற உண்மை. எனினும் அங்கே பரவுவதற்கு ஏதோ மீந்திருந்தது.

நூல் போற்றும் எட்வர்டு டாப் வகுத்த பயிற்சியும் இத்தகையதே. நல்ல கையை உறையிட்டுத் தடுத்து, நலிந்த கையை நாள்தோறும் பல மணிநேரம் வேலை வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்த இதன் சோதனை 2006இல் வெளியாயிற்று. இரண்டு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டுக்குப் பின்னும் இருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டுக் கண்ட முடிவு இது. எனவே இதன் மதிப்பு ஒற்றைக் கதையைவிடப் பன்மடங்கு பெரிது. முதல் மூன்று மாதங்களில் கை தானாகவே ஓரளவு தேறுவதுண்டு. ஒப்பீடு இல்லையேல் அதையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவோம். சரி, அந்தச் சோதனையில் யாரைச் சேர்த்தார்கள்? மணிக்கட்டையும் சில விரல்களையும் 10 பாகையேனும் நீட்ட முடிந்தவர்களை மட்டுமே.

வெற்றிக் கதைகளையே அடுக்கும் நூலில் இந்த நிபந்தனையின் கனம் வாசகர் மனத்தில் பதிவதில்லை. விரல் சிறிதும் அசையாத ஒருவரின் வீட்டில் இது படிக்கப்பட்டால் என்ன ஆகும்? "மனம் வைத்தால் முடியும், நீங்கள்தான் முயல்வதில்லை" என்று பிள்ளைகளே அவரை நெருக்கக்கூடும். அவர் சோம்பேறியல்லர், ஆணை இறங்கும் வழியே அறுந்திருக்கலாம். எவ்வளவு வழி மீந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்பு அவர்கள் இந்நூலைத் திறக்கட்டும்.